ஒற்றைச் சிறகுக்காரர்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று எங்கள் கம்பெனியில் எல்லோரும் சொல்வார்கள். பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிற ஒருத்திக்குக் கோபம் வராவிட்டால்தான் டாக்டரிடம் காட்ட வேண்டும். ஆர்டர் தருகிற வெளிநாட்டுப் பையருக்கும் சாயப்பட்டறைக்கும் பிரிண்டிங்காரருக்கும் தையலுக்கும் நடுவில் நின்றுகொண்டு நாலு பக்கமும் ஏச்சு வாங்குகிற வேலை இது. ஆனால் நான் இங்கே சொல்ல வந்தது அந்த அன்றாடக் கோபத்தை இல்லை. நான் பார்த்தே இராத ஒரு மனிதருக்காக, நான் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே முடிந்துபோன ஒரு போரில் விமானத்தின் வாலில் உட்கார்ந்திருந்த ஒரு செக் நாட்டுக்காரருக்காக வந்த கோபம். அது இன்னும் ஆறவில்லை.

செக் நாட்டில் எங்களுக்கு ஒரு பையர் உண்டு. என் வயதுப் பெண். சின்ன வியாபாரம். நாய் படம், மலை படம், சைக்கிள் படம் போட்ட டி-ஷர்ட்டுகளை எங்களிடம் தைத்து வாங்கி அங்கே விற்பார். போன வருஷம் அவர் கேட்டது வேறு மாதிரி. அவருடைய தாத்தா இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானத்தில் பறந்தவர். தாத்தாவின் சொந்த ஊரில் அவருக்கு நினைவுக்கல் வைக்கப் போகிறார்கள். அன்றைக்கு ஊரே ஒரே மாதிரி சட்டை போட்டுக்கொண்டு ஊர்வலம் போகும். கருநீலத் துணி, இடது நெஞ்சில் விமானப்படைச் சின்னம், அதற்குக் கீழே அவர் பெயர். அவ்வளவுதான் ஆர்டர்.

சின்னத்தின் படத்தைப் பையரே நேராகப் பிரிண்டிங் யூனிட்டுக்கு அனுப்பிவிட்டார். பழைய கஸ்டமர் என்பதால் அப்படி ஒரு வழக்கம் வந்திருந்தது. அங்கிருந்து அடித்துக் கொடுத்த சாம்பிள் என் மேஜைக்கு வந்தது. நடுவில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் இரண்டு எழுத்து, இரண்டு பக்கமும் விரிந்த சிறகுகள். வெள்ளை நிறம் கருநீலத்தில் எடுப்பாகத் தெரிந்தது. அனுப்பினோம். அழகாக இருக்கிறது, அப்படியே போடுங்கள் என்று பதில் வந்தது. எங்கள் ஊரில் அப்ரூவ் ஆன சாம்பிள் கோயில் சிலைக்குச் சமம். மூக்கு கோணலாக இருந்தாலும் லாட் முழுக்க அதே கோணலோடு போக வேண்டும். முன்பக்கத் துண்டுகளை வெட்டிப் பிரிண்டிங்குக்கு அனுப்பினோம். எல்லாம் அச்சாகித் திரும்பி வந்தன.

அதற்குப் பிறகுதான் சட்டையில் தொங்கவிடுகிற அட்டைக்காகப் பையர் ஒரு பழைய புகைப்படத்தை அனுப்பினார். கறுப்பு வெள்ளை. காதுகள் கொஞ்சம் பெரிதான ஓர் இளைஞர், விமானப்படைக் கோட்டுப் போட்டுக்கொண்டு சிரிக்காமல் நிற்கிறார். நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எதையும் பெரிதாக்கிப் பார்ப்பது எங்கள் தொழில் புத்தி. அவர் நெஞ்சில் இருந்த சின்னத்தில் ஒரு சிறகுதான் இருந்தது. வட்டம், அதற்கு ஒரு பக்கம் மட்டும் சிறகு. மறுபக்கம் வெறும் கோட்டுத் துணி.

பிரிண்டிங் யூனிட் நடத்துகிற பாயிடம் போனேன். சாமளாபுரத்துக்காரர், எங்களுக்குப் பல வருஷப் பழக்கம். பையர் அனுப்பிய மூலப் படத்தைத் திறந்து காட்டச் சொன்னேன். அதிலும் ஒரு சிறகுதான்.

"ஏனுங்க பாய், இன்னொரு சிறகு எங்கிருந்துங்க வந்துச்சு?"

"பாதிதானுங்க மேடம் வந்திருந்துச்சு. நம்மாளு மிரர் போட்டு முழுசாக்கிட்டாருங்க. எப்பவும் பண்றதுதானுங்களே."

எப்பவும் பண்றதுதான். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிற டிசைனைப் பல பையர்கள் பாதிதான் வரைந்து அனுப்புவார்கள். வலது பாதியை எடுத்துக் கண்ணாடியில் காட்டுவது மாதிரித் திருப்பிப் போட்டு இடது பாதி ஆக்கிக்கொள்வது இங்கே எல்லா யூனிட்டிலும் நடக்கிற காரியம். பாதிப் பட்டாம்பூச்சி வந்தால் முழுப் பட்டாம்பூச்சி ஆகும், பாதிச் சிங்க முகம் வந்தால் முழுச் சிங்கம் ஆகும். யாரையும் கேட்க மாட்டார்கள். கேட்டால்தான் பையர் திட்டுவார், இதுகூடத் தெரியாதா என்று. அந்தப் பழக்கத்தில் ஒரு மனிதரின் சிறகையும் முழுசாக்கிவிட்டார்கள். பாய் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் முகம் சுண்டிப்போய்த் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கோபம் வந்தது முதலாளி மேல். முதலாளி என் சித்தப்பா. அப்பாவின் தம்பி. மாடியில் அவருடைய அறைக்குப் போய் இரண்டு படங்களையும் மேஜையில் வைத்தேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார்.

"ஒத்தையா இருக்கறதுக்கு ரெட்டையா இருந்தா நல்லாத்தான கண்ணு இருக்குது?"

"அது அவரு போட்டிருந்ததில்லீங்க சித்தப்பா."

"அப்ரூவல் மெயில் இருக்குதா?"

"இருக்குதுங்க."

"அப்பறமென்ன. கம்முனு தைக்கச் சொல்லு. இதுக்கெல்லாம் யாரு பூதக்கண்ணாடி வெச்சுட்டு வரப் போறாங்க?"

நான் வந்துவிட்டேனே என்று சொல்லவில்லை. கீழே வந்து உட்கார்ந்தேன். அந்த ஒற்றைச் சிறகு என்னதான் என்று தேட ஆரம்பித்தது அப்போதுதான். வீம்புக்குத்தான் தேடினேன். சித்தப்பா சொல்வது தப்பு என்று நிரூபிக்க வேண்டும், வேறு நல்ல எண்ணம் எதுவும் இல்லை.

வீம்பு பத்தே நிமிஷத்தில் வேறாகிவிட்டது. இரண்டு சிறகு பைலட்டுக்கு. ஒற்றைச் சிறகு மற்றவர்களுக்கு: வழி பார்க்கிறவர், ரேடியோக்காரர், துப்பாக்கிக்காரர். வட்டத்துக்குள் இருக்கிற எழுத்தைப் பார்த்து யார் யார் என்று தெரிந்துகொள்ளலாம். எங்கள் ஆள் துப்பாக்கிக்காரர். நாங்கள் அடித்திருந்ததோ துப்பாக்கிக்காரர் எழுத்தோடு பைலட்டின் சிறகு. உலகத்தில் எந்த நாட்டுப் படையிலும் இல்லாத ஒரு சின்னத்தை, கருநீலத் துணியில், நாற்பது டிகிரியில் துவைத்தாலும் போகாதபடி நாங்கள் உற்பத்தி செய்திருந்தோம்.

அதற்குப் பிறகு என்னால் நிறுத்த முடியவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரம் முழுக்க அவரைத் தேடுவதில் போனது. அந்த நாட்டில் இந்த விமானக்காரர்களின் கதைகளைச் சேர்த்து இணையத்தில் போடுகிற ஓய்வுபெற்ற பெரியவர்கள் இருக்கிறார்கள். புரியாத மொழியைக் கம்ப்யூட்டரில் மொழிபெயர்த்துப் படித்தேன். அது பாதி வாக்கியத்தை விழுங்கும், மீதியைக் கடித்துத் துப்பும். பெரியவர் ஒருவருக்கு எழுதிக் கேட்டேன். திருப்பூரில் பனியன் தைக்கிற ஒருத்திக்கு இதெல்லாம் எதற்கு என்று அவர் கேட்கவில்லை. தெரிந்ததையெல்லாம் பொறுமையாக எழுதினார்.

ஜெர்மன்காரன் நாட்டைப் பிடித்ததும் இவர் எல்லை தாண்டிப் போலந்துக்கு ஓடியிருக்கிறார். அங்கிருந்து பிரான்ஸ். பிரான்சும் விழுந்ததும் கப்பலேறி இங்கிலாந்து. அங்கே செக் நாட்டுக்காரர்களுக்கென்றே இருந்த குண்டுவீச்சுப் படைப்பிரிவில் இவரை விமானத்தின் வால் பகுதியில், துப்பாக்கிக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள். அந்தக் கூண்டின் படத்தைப் பார்த்தேன். எங்கள் செக்கிங் மேஜைக்கு அடியில் இருக்கிற இடம்கூட அதைவிடப் பெரிது. பாராசூட்டை உள்ளே வைக்க இடமில்லை. கூண்டுக்கு வெளியே மாட்டியிருக்கும். விமானம் விழுந்தால் முதலில் கதவைத் திறந்து, திரும்பி, அதை எடுத்து மாட்டிக்கொண்டு, பிறகு குதிக்க வேண்டும். இதை வடிவமைத்தவன் ஒரு நாள் அதில் உட்கார்ந்து பார்த்திருப்பானா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. குளிரில் கண்ணிமை உறையும். மற்றவர்கள் எல்லாம் முன்னால் இருப்பார்கள். இவர் மட்டும் அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வந்த வழியைப் பார்த்தபடி தனியாக உட்கார்ந்திருப்பார்.

பிற்பாடு அந்தப் படைப்பிரிவைக் கடல் காவலுக்கு மாற்றியிருக்கிறார்கள். நீர்மூழ்கிக் கப்பல் தெரிகிறதா என்று மணிக்கணக்காகத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. பல நாள் அவருடைய போர் வெறும் தண்ணீரைப் பார்த்தது என்பது எனக்கு ஏனோ பிடித்திருந்தது. சினிமாவில் யாரும் அதைக் காட்ட மாட்டார்கள்.

போர் முடிந்து ஊர் திரும்பினார். மாலை மரியாதை எல்லாம் கொஞ்ச காலம். பிறகு அங்கே கம்யூனிஸ்ட் ஆட்சி வந்தது. இங்கிலாந்துக்காரனோடு சேர்ந்து பறந்தவனெல்லாம் சந்தேகத்துக்குரியவன் என்றார்கள். படையிலிருந்து துரத்தினார்கள். சிலரைச் சிறையில் போட்டார்கள், சிலரைச் சுரங்கத்தில் இறக்கினார்கள். இவரைச் செங்கல் சூளைக்கு அனுப்பினார்கள். மகள் நன்றாகப் படிக்கிற பெண். இவருக்குப் பிறந்த குற்றத்துக்காக அவளுக்கு மேல்படிப்பு இல்லை என்றார்கள். அவள் ஒரு பின்னலாடை மில்லுக்குத் தைக்கப் போனாள். அந்த ஆட்சி போய் எல்லோருக்கும் மரியாதை திரும்பக் கிடைத்தபோது இவர் உயிரோடு இல்லை. தபாலில் ஒரு பதவி உயர்வு வந்ததாம், செத்தவருக்கு.

அந்த ஊர்தான் இப்போது நினைவுக்கல் வைக்கிறது. செங்கல் சுமந்த இவர் எதிரே வந்தால் தெருவின் மறுபக்கம் போன அதே ஊர். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையை நாம் சும்மா குழந்தைகளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இவ்வளவு கோபம் எனக்கு ஏன் வந்தது என்று இங்கே சொல்லிவிடுவது நல்லது. என் அப்பா இதே கம்பெனியில் அயர்ன் போட்டவர். சொந்தத் தம்பியின் கம்பெனியில், பின்கட்டில், ஆவி பறக்கிற மேஜையில், நின்றபடி. வெள்ளகோவில் பக்கம் குடும்பத்துக்கு இருந்த விவசாயக் காட்டில் அவர் பங்கையும் சேர்த்து விற்றுத்தான் கம்பெனி ஆரம்பித்தார்கள். ஆனால் போர்டில் சித்தப்பா பேர் மட்டும். அப்பா கேட்கவில்லை. கேட்கத் தெரியாதவர்களை நல்லவர்கள் என்று சொல்வது நம் ஊர் வழக்கம். வீட்டில் சித்தப்பா அவரை "அண்ணா" என்பார். கம்பெனிக்குள் "பெரியவரே" என்பார். வெளிநாட்டுப் பையர்கள் யூனிட்டைச் சுற்றிப் பார்க்க வருகிற அன்று, "பெரியவரே, நீங்க இன்னைக்கு ஊட்ல இருந்துக்குங்க" என்பார். அப்பா வீட்டில் இருந்துகொண்டு என் சுடிதாரைத் தேய்ப்பார். கை சும்மா இருக்காது.

அப்பா இறந்தபோது தெருமுனையிலிருந்து கம்பெனி கேட் வரைக்கும் சித்தப்பா கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ் வைத்தார். பிளெக்ஸ் கடைக்காரன் அப்பாவின் தலையை ஒரு கோட்டு சூட்டின் மேல் ஒட்டியிருந்தான். அப்பா கோட்டுப் போட்டதில்லை. தேய்த்ததுகூட இல்லை, நாங்கள் பனியன் கம்பெனி. பேருக்குக் கீழே கொட்டை எழுத்தில் "தொழிலதிபர்" என்று இருந்தது. துக்கத்துக்கு வந்தவர்கள் அதைப் படித்துவிட்டு என்னிடம் வந்து, "அப்பா எத்தனை மிஷின் போட்டிருந்தாருங்க?" என்று கேட்டார்கள். அழுதுகொண்டிருந்த எனக்கு அழுகை நின்றுவிட்டது. அன்று அடக்கிய கோபம்தான், ஒரு வருஷம் ஆவதற்குள் இந்தச் செக் நாட்டுக்காரரின் இரண்டாவது சிறகில் போய் உட்கார்ந்துகொண்டது.

பையருக்கு எழுதினேன். நாங்கள் செய்தது தவறு, உங்கள் தாத்தா பைலட் இல்லை, துப்பாக்கிக்காரர், ஒற்றைச் சிறகுதான் சரி, திருத்தித் தருகிறோம் என்று. சித்தப்பாவைக் கேட்காமல்தான் எழுதினேன். பதில் அன்றைக்கே வந்தது. எனக்கும் இது தெரியாது, தாத்தாவைப் பற்றி அம்மா அதிகம் பேசியதில்லை, ஆனால் விழாக் கமிட்டிக்கு உங்கள் சாம்பிள் மிகவும் பிடித்துவிட்டது, அவர்கள் எல்லோரிடமும் அவரைப் பைலட் என்றே சொல்லி வருகிறார்கள், அதுதான் மக்களுக்குப் புரியும் என்கிறார்கள், அப்படியே விட்டுவிடுங்கள் என்று எழுதியிருந்தார். கடைசியில் ஒரு சிரிக்கிற முகம்.

சித்தப்பாவுக்கு அந்த மெயில் பால் வார்த்தது மாதிரி இருந்தது.

"பாத்தியா? அவிய ஊரு ஆளையே அவியளுக்கு எப்பிடி ஓணுமோ அப்பிடிக் கேக்கறாங்க. உனக்கென்ன கண்ணு வந்துச்சு? பிடிச்ச முயலுக்கு மூணே காலுன்னு நிக்கற."

"முயலுக்கு ஆறு காலு வெச்சுத் தைக்கச் சொல்றது நீங்கதானுங்க சித்தப்பா."

அவர் சிரித்தார். என் கோபம் அவருக்கு எப்போதுமே சிரிப்புதான். எனக்கு அதில் இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

மறுபடி பையருக்கு எழுதினேன். உங்கள் அம்மா, அதாவது அவருடைய மகள், இந்தச் சாம்பிளைப் பார்த்தாரா என்று ஒரே ஒரு வரி. இல்லை, அம்மாவுக்கு எண்பதை நெருங்குகிறது, விழாவன்று ஆச்சரியப்படட்டும் என்று வைத்திருக்கிறேன் என்றார். ஆச்சரியம்தான் படுவார் என்று நினைத்துக்கொண்டேன். காட்டுங்கள் என்று எழுதினேன். ஒரு பனியன் கம்பெனி மெர்ச்சண்டைசர் பையரிடம் பேசுகிற தொனியில் அது இல்லை. வேலை போனால் போகட்டும் என்றுதான் அனுப்பினேன்.

வீடியோவில் வந்தார்கள். ஒரு சமையலறை. ஜன்னலோரம் மேஜை. பையரும் பக்கத்தில் அந்த அம்மாவும். வெள்ளை முடியைக் கழுத்தோடு வெட்டியிருந்தார். அவருடைய அப்பாவின் பெரிய காதுகள் அவருக்கும் இருந்தன. நான் அச்சான துண்டு ஒன்றைக் கேமராவுக்கு நேராகப் பிடித்தேன். அவர் மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்குக் கிட்ட வந்து பார்த்தார். பிறகு மகளிடம் ஏதோ கேட்டார். மகள் என்னைப் பார்த்தார்.

"என்ன கேட்கிறார்?" என்றேன்.

"இது யார் என்று கேட்கிறார்."

நான் துண்டைக் கீழே வைத்தேன். அந்த அம்மா பேச ஆரம்பித்தார். குரலை உயர்த்தவில்லை. மேஜையில் விரலால் தட்டித் தட்டிப் பேசினார். ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வந்த மகள் நடுவில் ஓர் இடத்தில் நின்றுவிட்டுத் திரும்பச் சொல்லச் சொன்னார். அவருக்கே அது புதிது என்று முகத்தில் தெரிந்தது.

அவர் சொன்னது இது. என் அப்பா போரைப் பற்றி என்னிடம் ஒரே ஒரு முறைதான் பேசினார். சூளை வேலை முடிந்து வந்து கையைக் கழுவிக்கொண்டிருந்தார். நீங்கள் விமானம் ஓட்டினீர்களா என்று கேட்டேன். இல்லை, பின்னால் உட்கார்ந்திருந்தேன் என்றார். குண்டு போட்டுவிட்டுத் திரும்பும்போது மற்றவர்கள் எல்லாம் வீட்டைப் பார்த்துப் போவார்கள். நான் மட்டும் எரிகிற ஊரைப் பார்த்தபடி போவேன். அது சின்னதாகி மறையும் வரைக்கும் எனக்கு அதுதான் வேலை. பைலட் போகிற இடத்தைப் பார்த்தான், நாங்கள் செய்ததை நான்தான் பார்த்தேன் என்றார்.

அதற்கப்புறம் கையைத் துடைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்துவிட்டாராம்.

"அந்த இன்னொரு சிறகோடு அந்தச் சட்டையை நான் போட மாட்டேன்," என்றார் அந்த அம்மா. "கல் வைக்கிற இடத்துக்கும் வர மாட்டேன். அவர் பார்த்ததையெல்லாம் வேறு யாரோ பார்த்ததாக ஆக்காதீர்கள்."

பையர் அழுதுகொண்டிருந்தார். அம்மா அழவில்லை. என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். மொழிபெயர்ப்பு கொஞ்சம் தாமதித்து வந்தது. "தையல் மில்லில் நானும் வேலை செய்தேன். துண்டு மாற்றுவது எவ்வளவு தொல்லை என்று தெரியும். மன்னித்துக்கொள்ளுங்கள்." மன்னிப்புக் கேட்க வேண்டிய எத்தனையோ பேர் இருக்கும்போது இவர் கேட்கிறார்.

அன்று மத்தியானமே பையரிடமிருந்து முறையான மெயில் வந்தது. பழைய அப்ரூவலைத் திரும்பப் பெறுகிறேன், ஒற்றைச் சிறகோடு மறுபடி அடியுங்கள், பொறுப்பு என்னுடையது என்று. அதை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். சண்டைக்கு நான்கு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன். சித்தப்பா மெயிலைப் படித்தார், உதட்டைப் பிதுக்கினார், "பையர் சொன்னா செஞ்சுதான ஆகோணும்" என்றார். அவ்வளவுதான். கட்டிங்குக்குப் போன் போட்டு அதே லாட் துணி மிச்சம் இருக்கிறதா என்று கேட்டார், வேறு லாட் போட்டால் நீலம் ஒத்துப்போகாதே என்று. இருந்தது. பிரச்சனை முடிந்துவிட்டது.

எனக்கு அதில்தான் அதிகம் எரிந்தது. கடல் தாண்டி இருக்கிற ஒரு பையரின் அம்மா, என் அப்பாவை மாற்றாதே என்றதும் இந்த மனிதருக்குக் கை தானாகப் போனுக்குப் போகிறது. கூடப் பிறந்த அண்ணன் அவருடைய பின்கட்டிலேயே நின்று நின்று கால் நரம்பு புடைத்துச் செத்தார். அவரைப் பற்றி உள்ளதைச் சொல்ல மட்டும் நா எழவில்லை. தயார் செய்த நான்கு வாக்கியத்தையும் விழுங்கிக்கொண்டு கீழே இறங்கினேன்.

பாய் மற்ற வேலையைத் தள்ளிவைத்துவிட்டு எங்களுடையதை அடித்தார். கூடவே நின்றார். ஒவ்வொரு துண்டு வந்ததும் வட்டத்துக்கு இடதுபுறம் வெறும் நீலத்தைத் தடவிப் பார்த்தார். "பாதிதான் சரின்னு இன்னைக்குத்தானுங்க மேடம் முதல் தடவையா அடிக்கறேன்," என்றார். இரண்டு சிறகு போட்ட பழைய துண்டுகள் பனியன் வேஸ்ட்டில் போயின. ஏதாவது ஒர்க் ஷாப்பில் லாரிக்கு அடியில் படுத்திருக்கிறவர் அந்தச் சிறகில் கிரீஸ் துடைத்துக்கொண்டிருப்பார்.

சட்டைகள் போய்ச் சேர்ந்தன. விழா முடிந்து பையர் இரண்டு படங்கள் அனுப்பினார். முதல் படத்தில் கல் மட்டும். பளபளப்பான சாம்பல் கல், கீழே பூக்கள். செக் மொழியில் எனக்கு வார்த்தை தெரியாது. ஆனால் அவர் பெயருக்குக் கீழே வெட்டியிருந்த வார்த்தை ஆங்கிலத்திலும் அதே எழுத்துகள்தான்: பைலட். சட்டை வருவதற்கு முன்பே கல் வெட்டியாகிவிட்டது, இனி மாற்ற முடியாது என்று கமிட்டி சொல்லிவிட்டதாம். துவைத்துத் துவைத்து நைந்துபோகிற துணியில் நாங்கள் உண்மையைப் போட்டோம். மழைக்கும் வெயிலுக்கும் நிற்கிற கல்லில் அவர்கள் பொய்யை வெட்டினார்கள். மேஜையில் இருந்த டீயை எடுத்துக் குடிக்கக்கூடத் தோன்றவில்லை.

இரண்டாவது படத்தில் கூட்டம். எல்லோரும் எங்கள் கருநீலச் சட்டையில், கல்லைப் பார்த்தபடி நிற்கிறார்கள். முன்வரிசையில் அந்த அம்மா மட்டும் கல்லுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். ஊர்வலம் வந்த தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நெஞ்சில் ஒற்றைச் சிறகு நன்றாகத் தெரிகிறது. திரும்பி நில்லுங்கள் என்று எல்லோரும் சொன்னார்களாம், கடைசிவரை திரும்பவில்லை என்று பையர் எழுதியிருந்தார்.

அந்தப் படம் வந்த வாரத்தில்தான் அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவு நாள். காலையில் நான் கம்பெனிக்கு வந்தபோது கேட்டில் புது பிளெக்ஸ் கட்டியிருந்தது. பிளெக்ஸ் கடையில் பழைய பைல் இருக்குமே. அதே கோட்டு, அதே டை, அதன் மேல் அப்பாவின் தலை, கீழே அதே "தொழிலதிபர்". இந்த முறை எழுத்தைத் தங்க நிறமாக்கியிருந்தார்கள்.

என் கைப்பையில் நூல் வெட்டுகிற கத்தரி எப்போதும் இருக்கும். பிளெக்ஸுக்கு அது சின்னது, ஆனால் போதும். ஒரு ஓரத்தில் குத்தி ஆரம்பித்து எழுத்தைச் சுற்றி நிதானமாக வெட்டினேன். வேலைக்கு வந்துகொண்டிருந்தவர்கள் நின்றார்கள். ஒடிசாப் பெண்கள் சிலர் என்ன என்று இந்தியில் கேட்டுக்கொண்டார்கள். அயர்னிங்கில் அப்பாவோடு நின்றவர்கள் எதுவும் கேட்கவில்லை. தங்க நிற வார்த்தை கையோடு வந்தது. அப்பா பேருக்குக் கீழே நீளமாக ஓர் ஓட்டை. அதன் வழியாகக் கேட் கம்பி தெரிந்தது.

சித்தப்பாவின் கார் வந்து நின்றது. கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். பிறகு இறங்கி வந்தார். இந்த முறை சிரிக்கவில்லை.

"என்ன கண்ணு பண்ணி வெச்சிருக்கற?"

"இது அப்பா இல்லீங்க சித்தப்பா."

அவர் பிளெக்ஸைப் பார்த்தார், சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். குரலைத் தணித்துக்கொண்டார்.

"என்ன போடச் சொல்ற அப்ப?"

"அயர்ன் மாஸ்டர்னு போடுங்க. என்ன பண்ணுனாரோ அதப் போடுங்க."

"ஏஞ் சாமி, நாலு பேரு படிச்சா என்ன நெனைப்பாங்க? என்ற கம்பெனியில என்ற அண்ணனே பின்னால நின்னு அயர்ன் போட்டாருன்னல்ல நெனைப்பாங்க?"

"அதத்தானுங்க சித்தப்பா நெனைக்கோணும்," என்றேன்.